நான் மாற்றிய சாம்பல் நிறம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், நீ உடனே டிக்கெட் போடுவாய், அதனால்தான் கடிதம்.

எங்கள் ஆஸ்பத்திரி மருந்தறைக் கம்ப்யூட்டரில், மருந்து அளவுகளைத் தேடிப் பார்க்கும் உதவிப் பக்கத்து நீல எழுத்து கண்ணை உறுத்துகிறது என்று போன மாதம் உன்னிடம் புலம்பினேன் அல்லவா? அழுத்தினால் வேறு பக்கம் திறக்கும் அந்த இணைப்புகளின் நிறத்தை எங்கே போய் மாற்றுவது என்று நீயும் பொறுமையாகச் சொன்னாய். "மாத்திட்டு, கண்ணு சரியாத் தெரியாத ஒருத்தரைக் கூப்பிட்டுக் காட்டும்மா" என்றாய். நான் யாரையும் கூப்பிடவில்லை. அடிக்கோட்டை எடுத்தேன், ஒருமுறை அழுத்திய இணைப்பு வெளிர் சாம்பலாகும்படி வைத்தேன், நம் வீட்டு ஜன்னல் திரை நிறம் என்று பெருமை வேறு. மருந்தறையில் வேலை பார்க்கும் ஆறு பேருக்கும் அந்த ஒரே கம்ப்யூட்டர்தான், ஒருவர் அழுத்தினால் எல்லோருக்கும் வெளுத்துவிடும். புதிதாக வந்த வலிப்பு மருந்தின் பக்கத்தில் 'குழந்தைகளுக்கான அளவு' என்ற இணைப்பை முதல் நாளே நான்தான் அழுத்தினேன். எனக்கு இடம் தெரியும், கை தானாகப் போய்விடும். என்னோடு வேலை பார்க்கும் கண்ணாடி அண்ணனுக்குக் கண்ணில் புரை, வெள்ளைத் திரையில் அந்த எழுத்து இருப்பதே தெரியவில்லை. குழந்தைகளுக்குத் தனி அளவு இல்லை போலிருக்கிறது என்று செவ்வாய்க்கிழமை பெரியவர்கள் அளவிலேயே கலந்து அனுப்பிவிட்டார். வார்டு நர்ஸ் பார்த்து "இவ்வளவா?" என்று கேட்டதால் அந்தக் குழந்தை தப்பியது.

பழைய சீட்டுகளைப் புரட்டினால், அவர் கையால் அதே மருந்தை வாங்கிப் போன குழந்தைகள் இன்னும் நாலு பேர். மூன்று வீட்டில் போனை எடுத்துவிட்டார்கள், ஒன்றுமில்லை. நாலாவது மூன்று வயதுப் பெண். போன் அணைந்தே கிடக்கிறது, ஆள் அனுப்பிப் பார்த்தால் வீடு பூட்டியிருக்கிறது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, எங்கே மணி அடித்தாலும் அந்த வீட்டுப் போனோ என்று ஓடுகிறேன். அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "என் கண்ணு போச்சும்மா, இனிமே நான் இதுக்கு லாயக்கில்ல" என்று அவர் சொன்னபோதும், நிறத்தை மாற்றியது நான்தான் என்பதை மறைத்துவிட்டேன். வேலை போய்விடும், ஜெயில்கூட உண்டோ என்று பயம். நேற்று யாரும் இல்லாத நேரத்தில் எல்லாவற்றையும் அடர்நீலமாக்கி அடிக்கோடும் போட்டுவிட்டேன். அப்புறம் பயம் இரட்டிப்பாகிவிட்டது. எழுத்து தெரியவே இல்லை என்று இனி அவர் சொன்னாலும் யார் நம்புவார்கள்?

நீ சொல்லிக்கொடுத்ததில் ஒரு தப்பும் இல்லை, மனசில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. அப்பாவுக்கு இன்னும் தெரியாது. இதைத் தபாலில் போட்டுவிட்டு நேராகப் பெரிய டாக்டர் அறைக்குப் போகிறேன். உனக்கு எழுதிவிட்டால் பிறகு என்னால் பின்வாங்க முடியாது, அதற்காகவும்தான் எழுதினேன்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். உன் வேலையிலும் நிறம் கிறம் மாற்றினால் யாரையாவது கூப்பிட்டுக் காட்டு. நான் கேட்காத பேச்சை நீயாவது கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா

உறையை ஒட்டுமுன் அந்த மூன்று வயதுப் பெண்ணின் வீட்டு எண்ணை இன்னொரு தரம் அழைத்தேன். இப்போது மணி போகிறது. இன்னும் யாரும் எடுக்கவில்லை.