லிங்கம்மாவின் ‘ஆய்து’

மாதேஸ்வரன் துணை

ஹெப்பாள், மைசூரு
ஆகஸ்ட் 18

அன்பு மகள் அனுப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் மழை வந்தால் வருகிறது, மழை விட்டால் போகிறது, அங்கே ஜெர்மனியில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ கம்ப்யூட்டரில் கட்டம் போட ஆரம்பித்துவிடுகிறாய் அம்மணி, அதனால்தான். எதிர்வீட்டு சுரேந்தர் வியாழக்கிழமை உன் ஊருக்கே விமானம் ஏறுகிறான், ராகி மாவும் பருப்புப் பொடியும் கொடுத்தனுப்புகிறோம், அதற்குள் இதையும் வைக்கிறேன். முழுக்கப் படித்துவிட்டுப் பேசு.

ஜூன் மாதத்திலிருந்து நம் சமையல்கூடத்து வேன் லேட்டாகப் போனதும், இருநூற்று நாற்பது பேர் தட்டோடு நின்றதும், இன்னொரு தடவை லேட்டானால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று ஃபேக்டரி கேண்டீன் பார்க்கும் சேகரன் முகத்துக்கு நேராகச் சொன்னதும் உனக்குத் தெரியும். நீ அங்கே கிடங்கில் பெட்டிகள் தேங்காமல் போக வழி சொல்கிறவள், எனக்கும் சொன்னாய். ஒவ்வொரு வேலையும் எப்போது முடிகிறது என்று நோட்டில் எழுதுங்கள், எங்கே தேங்குகிறதோ அதுதான் பாட்டில்நெக், ஏன் என்று ஐந்து தடவை கேளுங்கள் என்றாய். புட்டிக் கழுத்தைத் தேடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன், சமையல்கூடத்தில் புட்டி எதற்கு என்று ஒரு பார்வை பார்த்தாள். இருந்தாலும் பத்து நாள் எழுதினேன். காலையில் மார்க்கெட்டில் நின்றபடியே பத்து மணிக்குச் சப்பாத்தி போடும் லிங்கம்மாவுக்குப் போன் போட்டு, மாவு பிசைந்து ஆச்சா என்று கேட்பேன், ஆய்து அண்ணா என்பாள், நானும் பத்து மணி, மாவு முடிந்தது என்று எழுதிக்கொள்வேன். சப்பாத்தி முடிய மட்டும் பன்னிரண்டரை தாண்டிவிடும். நோட்டைப் படம் பிடித்து அனுப்பினேன், நானூற்று எண்பது சப்பாத்திக்கு இரண்டரை மணி நேரமா, லிங்கம்மாவுக்குக் கை ஓடவில்லை, மெஷின் வாங்குங்கள் என்றாய். உன்மேல் தப்பில்லை கண்ணு, எழுதித் தந்தது நான்.

உன்னிடம் இதுவரை சொல்லாதது ஒன்று இருக்கிறது. போன மாதக் கடைசி சனிக்கிழமை லிங்கம்மாவைக் கூப்பிட்டு, மெஷின் வரப்போகிறது, செப்டம்பரிலிருந்து வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். பதினோரு வருஷமாக நஞ்சன்கூட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவள், உன் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு உனக்குத் தனியாகச் சப்பாத்தி கட்டிக் கொடுத்தவள். தலையைக் குனிந்துகொண்டு ஆய்து அண்ணா என்றாள், அவ்வளவுதான்.

இந்த மாதம் முதல் செவ்வாய்க்கிழமை மார்க்கெட் மூடிக் கிடந்தது, திரும்பிவிட்டேன். நம் தெருமுனையில் நின்று வழக்கம்போலப் போன் போட்டேன், மாவு ஆச்சா, ஆய்து அண்ணா. இரண்டு நிமிஷத்தில் உள்ளே போனால் பின்கட்டில் லிங்கம்மா பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறாள், மாவு பிசையும் பேசின் காய்ந்து கிடக்கிறது. எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ, இத்தனை நாளும் பொய்யா சொன்னே என்று கத்திவிட்டேன். அவள் எழுந்து நின்று, ஆய்துன்னா சரி, மாடுத்தீனின்னு சொன்னேன் அண்ணா, முடிஞ்சுதுன்னு நானு எப்ப சொன்னேன், ஸ்டோர் சாவி உங்க இடுப்புல இருக்கு, மாவு எங்கிருந்து எடுக்கறது என்றாள். முப்பது வருஷமாக மைசூரில் இருக்கிறேன், கன்னடம் தண்ணீர் பட்ட பாடு என்று பெருமை வேறு, ஆனால் ஆய்து என்றால் முடிந்தது என்றும் அர்த்தம், ஆகட்டும் செய்கிறேன் என்றும் அர்த்தம் என்பது அந்த நேரத்தில் என் காதுக்கு ஏறவில்லை. ஹனூரில் வீட்டிலும் தெருவிலும் தமிழே பேசி வளர்ந்த இவன் காதுக்கு அது நம் ஆச்சு மட்டும்தான்.

ஜூனில் எண்ணெய் டின் ஒன்று காணாமல் போனதே, அதிலிருந்து ஸ்டோர் அறையைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டேன். முன்பெல்லாம் அறை திறந்தே கிடக்கும், அவள் வந்ததும் மாவு எடுத்துக்கொள்வாள். இப்போது நான் பதினோரு மணிக்கு வந்து கதவைத் திறந்துவிட்டு நேரே சாம்பார் அடுப்புக்குப் போய்விடுவேன், அப்புறம்தான் அவள் மாவில் கை வைத்திருக்கிறாள். தேய்க்கவும் சுடவும் மூன்று பெண்களை வைத்துக்கொண்டு, பிசைவதும் சேர்த்து ஒன்றரை மணி நேரத்தில் நானூற்று எண்பது சப்பாத்தி போட்டிருக்கிறாள், அவளைத்தான் மெதுவென்று எழுதி வைத்தோம். நீ ஐந்து தடவை ஏன் என்று கேட்கச் சொன்னாய், நான் லிங்கம்மா பெயர் வந்ததும் நிறுத்திவிட்டேன், இன்னும் இரண்டு கேட்டிருந்தால் என் இடுப்பிலேயே வந்து முடிந்திருக்கும். சாவி வேண்டுமென்று ஏன் கேட்கவில்லை என்றேன். டின் போன சமயத்தில கேட்டா நீங்க என்ன நெனப்பீங்களோன்னு பயம் அண்ணா என்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அங்கேயே சாவியை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தேன். போகச் சொன்னது என் தப்பு, மெஷின் வரவில்லை, நீ இருக்கணும் என்றேன். ஆய்து என்றாள். எந்த ஆய்து என்று விடாமல் கேட்டேன், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரெண்டும்தான் அண்ணா என்றாள். அன்றிலிருந்து வேன் ஒருநாளும் பன்னிரண்டு ஐந்தைத் தாண்டவில்லை. சேகரன் இப்போது ராத்திரி ஷிப்டுக்கும் சாப்பாடு கேட்கிறான், வேண்டாம் என்றேன், வருவதையெல்லாம் பிடிப்பதா வியாபாரம் என்று நீதானே சொல்லுவாய். சமையல்கூடத்தில் ஒரு சட்டமும் போட்டிருக்கிறேன், முடிந்த வேலைக்கு ஆய்து கிடையாது, முகீது என்று சொல்ல வேண்டும், அதற்கு முடிந்தது என்ற ஒரே அர்த்தம்தான். வேன் ஓட்டும் மனோஜ்குமார் வீட்டிலும் அப்படியே பேசி மனைவியிடம் திட்டு வாங்குகிறானாம். நீ பேசி வைத்த மெஷின்காரனிடம் நீயே வேண்டாமென்று சொல்லிவிடு, எனக்கு அவன் இங்கிலீஷ் புரிவதில்லை.

குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போ, ராகி மாவு டப்பாவை ஈரக்கையால் தொடாதே. நீ நினைத்ததெல்லாம் நடந்து நோய் நொடியில்லாமல் இருக்க மாதேஸ்வரன் அருள் புரியட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. தசராவுக்கு டிக்கெட் போட்டாயா என்று போன வாரம் அம்மா கேட்டதற்கு நீ ஆய்தும்மா என்றாய். அவளும் ஹனூர்க்காரிதான். அன்றைக்கே உன் மெத்தையை வெயிலில் காயவைத்து எடுத்தாள், தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லியும் விட்டாள். அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருக்கிறது என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது முதலில் அவளிடம் முகீது என்று ஒரு வார்த்தை சொல் அம்மணி, பக்கத்தில் நானும் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா
காளியப்பன்