குழந்தையின் கொலுசு

ஜூலை 9, செவ்வாய்.

முப்பது வருஷம் நாவல் எழுதியது போதும், இனிமேல் சுரங்கத்தில் நடந்ததை நடந்தபடி மட்டும் எழுதுவேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். முதல் ஆளாக இன்று சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கக் குடியிருப்பில் சரோஜாவைப் போய்ப் பார்த்தேன். அவள் புருஷன் முனுசாமி, நான் சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்தில் என் ஷிப்ட்காரன். கீழே பாறை வெடித்துச் செத்தான்.

"அன்னிக்கு வாசல் வரைக்கும் போன மனுஷன் திரும்பி வந்தாருண்ணா. தூங்கிக்கினு இருந்த கொழந்த காலு கொலுசத் தொட்டுப் பாத்துட்டுப் போனாரு" என்றாள்.

என் கை நின்றுவிட்டது. அது முனுசாமியை வைத்து எழுதிய என் முதல் நாவலில் நான் இட்டுக்கட்டியது. அன்று வாசலில் காத்திருந்தவனே நான்தான். நேரமாகிவிட்டதென்று முனுசாமி திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவந்தான். அந்தக் குழந்தை வளர்ந்து அவளுக்கு அந்தப் புத்தகத்தை எத்தனை முறை வாசித்துக் காட்டினாளோ.

"வேற இன்னா ஞாபகம் இருக்குதும்மா?" என்று கேட்டேன்.

"வேற ஒண்ணும் இல்லண்ணா. அது ஒண்ணுதான் நிக்குது. எழுதிக்கினீங்களா?"

எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அந்த வரியை அடிக்க இரண்டு தடவை பேனாவை எடுத்தேன். அடித்துவிட்டால், அவளிடம் அவன் ஒரு தடவைகூடத் திரும்பி வராதவன் ஆகிவிடுவான்.