எதிர்ச்சரிவில் ஒரு புள்ளி

செப்டம்பர் 12, 2022, திங்கள்

முட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். மேடு ஏறாதீர்கள் என்கிறார் டாக்டர். மலையும் மேடுமான மோன்டானாவில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வதற்கு அவர் எத்தனை வருஷம் படித்தாரோ.

சாயங்காலம் என் வேட்டைக் கூட்டாளி ராய்ஸ் வந்தான். கழுத்தில் புது பைனாகுலர். குழந்தை பிறந்தவன் மாதிரி முகம் முழுக்கச் சிரிப்பு. "டேய் ஆர்லன், இங்க பாரு. எல்க் மானைப் பார்த்து பட்டனை அமுக்கினா போதும். எத்தனை கெஜம்னு சொல்லிடும். அது நிக்கிற இடத்துல போன் மேப்ல ஒரு புள்ளியும் வெச்சிடும். பள்ளத்தைத் தாண்டி அந்தப் புள்ளிக்கு நேரா நடக்க வேண்டியதுதான்."

பிரமாதம் என்றேன்.

அடுத்துச் சொன்னான்: "இனிமே நீ குளிர்ல நின்னு தொப்பியை ஆட்ட வேண்டாம்டா. வீட்ல கதகதப்பா இரு."

அவன் அன்பாகத்தான் சொன்னான். அதுதான் கோபம்.

செப்டம்பர் 13

கதகதப்பா இருக்கணுமாம். நான் என்ன பூனையா?

செப்டம்பர் 15

இன்னும் ஆறவில்லை. எழுதியாவது தீர்க்கிறேன்.

பள்ளத்தின் இந்தக் கரையிலிருந்து எதிர்ச்சரிவில் நிற்கும் எல்க்கைச் சுடுகிறோம். அது மரங்களுக்குள் மறைகிறது. இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி ஏறிப் போய்ப் பார்த்தால் எல்லா மரமும் ஒரே மரம், எல்லாப் பாறையும் ஒரே பாறை. எங்கே நின்றது என்று சுட்டவனுக்கே தெரியாது. அதற்காகத்தான் ஒருவன் சுட்ட இடத்திலேயே கண்ணை எடுக்காமல் நிற்பது. தொப்பியை இடது பக்கம் ஆட்டினால் இடது, வலது பக்கம் ஆட்டினால் வலது, தலைக்கு மேல் தூக்கினால் அங்கேயே நில், காலடியில் பார் என்று அர்த்தம்.

முட்டி போன பிறகு ஏழு வருஷமாக அந்த ஆள் நான்தான். என்னால் ஏற முடியாது, சுமக்க முடியாது, ஆனால் நிற்க முடியும். அந்த ஒரு வேலை இருந்ததால்தான் வேட்டைக்குப் போகிறவன் என்று என்னைச் சொல்லிக்கொண்டேன். இப்போது ஒரு பட்டன் வந்து அந்த வேலையையும் வாங்கிக்கொண்டது.

செப்டம்பர் 25, ஞாயிறு

ராய்ஸ் பைனாகுலர் பெட்டியை என் வீட்டில் விட்டுப் போயிருக்கிறான். "புஸ்தகத்தை நீ படிச்சு எனக்குச் சொல்லு, அந்த எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கு." அவன் படிக்கமாட்டான். இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் ஒரு புத்தகம் படித்து நான் பார்த்ததில்லை.

படித்தேன். தூரம் அளப்பது லேசர். திசை சொல்வது உள்ளே இருக்கிற திசைகாட்டி. காந்தத்தின் அருகே வைக்காதீர்கள், திசைகாட்டி கெட்டுவிடும், கெட்டால் காற்றில் எட்டுப் போடுவதுபோல் கருவியைச் சுழற்றிச் சரிசெய்யுங்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

அவன் மகள் டென்வரிலிருந்து அனுப்பிய, மார்பில் மாட்டிக்கொள்ளும் பை ஒன்று இருக்கிறது. பைனாகுலர் நாள் முழுக்க அதற்குள்தான். மூடி 'டக்'கென்று தானாக ஒட்டிக்கொள்ளும். காந்த மூடி.

நாளைக்குச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 9, ஞாயிறு

சொல்லவில்லை.

இன்று அவன் வீட்டு வராந்தாவில் காப்பி. அவன் மனைவி நடீன் ஆப்பிள் பை சுட்டு வைத்தாள். ராய்ஸ் பைனாகுலரை மார்புப் பையிலிருந்து எடுத்து, எதிரே மேட்டில் இருக்கும் உடைந்த காற்றாடித் தூணைப் பார்த்து பட்டனை அமுக்கினான். போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"பாத்தியா? டாண்ணு உக்காந்துருக்கு!"

உட்காரவில்லை. தூண் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும். புள்ளி அதற்கு வலதுபுறம் நன்றாகவே தள்ளி, வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்திருந்தது. அவனுக்கு மூக்குக்கண்ணாடி இல்லாமல் தெரியாது, கண்ணாடி போடவும் வெட்கம்.

"புஸ்தகத்துல ஏதாவது போட்டிருக்கானா?" என்று கேட்டான்.

"பேட்டரியைப் பாத்துக்கோன்னு போட்டிருக்கான்."

சொல்லிவிட்டு ஆப்பிள் பை தின்றேன். நடீன் கை ருசியில் குறையில்லை. என்னிடம்தான் குறை.

அக்டோபர் 22, சனி

சீசன் முதல் நாள். விடியும் முன் ராய்ஸின் டிரக் வேட்டைக்குப் போனது. வாசலில் ஹார்ன் அடித்தான், கிண்டலுக்கு அல்ல, பாசத்துக்கு. நான் எழுந்து போகவில்லை. நாள் பூராவும் குழாய்க்குக் கீழே ஒழுகலைச் சரிபார்த்தேன். அது ஒழுகவே இல்லை.

அக்டோபர் 30

இன்னும் எதுவும் கிடைக்கவில்லையாம். கிடைக்காமலே போகட்டும் என்று நினைத்தேன். நினைத்ததை எழுதியும் வைக்கிறேன்.

நவம்பர் 6, ஞாயிறு

ராய்ஸ் போனில். மூச்சு வாங்குகிறது.

"நேத்து சாயங்காலம் ஒரு பெரிய கிடா எல்க். எதிர்ச்சரிவு, நானூத்தி முப்பது கெஜம். சுட்டேன். பட்டுச்சுடா, சத்தம் கேட்டேன். மரத்துக்குள்ள போயிடுச்சு. புள்ளிக்கு நேரா போனேன். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. இருட்டுற வரைக்கும் தேடினேன். ராத்திரி பனி கொட்டிடுச்சு. இப்ப காலடியும் இல்லை, ஒண்ணும் இல்லை."

"புள்ளியைச் சுத்தித் தேடுனியா?"

"சுத்திச் சுத்தித் தேடுறேன். அங்கதான்டா நின்னுச்சு! மேப் சொல்லுதே!"

இடது பக்கம் போ. அந்த ஒரு சொல் போதும். புள்ளி வலது பக்கம் தள்ளி விழும், நீ இடது பக்கம் போ. வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பான்.

"இன்னும் கொஞ்சம் கீழ பாரு," என்றேன்.

கீழே. நான் வேண்டுமென்றே சொன்னேனா? இல்லை, வாயில் வந்ததைச் சொன்னேன். இரண்டில் எது கேவலம்?

நவம்பர் 9, புதன்

அண்டங்காக்கைகள் வட்டமிட்டதைப் பார்த்துப் போயிருக்கிறான். புள்ளிக்கு இடது பக்கம் நூறு கெஜத்துக்கும் சற்று அதிகமான தூரத்தில், விழுந்த மரம் ஒன்றின் பின்னால் எல்க் கிடந்ததாம். ஓநாய், நரி, காக்கை எல்லாம் விருந்து முடித்துவிட்டன. எலும்பும் கொம்பும் மிச்சம். ஒரு குடும்பம் குளிர்காலம் முழுக்கத் தின்னக்கூடிய கறி.

அவன் கொம்பை எடுத்துவரவில்லை. "அதை எடுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு," என்றான்.

நவம்பர் 10

ராய்ஸ் தன் வேட்டைச் சீட்டில் தேதியை வெட்டிவிட்டான். ஒரு ஆளுக்கு ஒரு எல்க்தான்; தேதியை வெட்டினால் அந்த வருஷ வேட்டை முடிந்தது. கிடைக்காத மிருகத்துக்குச் சீட்டை வெட்டச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் சீசன் இருக்கிறது. ஊரில் பாதிப் பேர் வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றைச் சுடப் போவார்கள்.

"நான் கொன்னாச்சு. என் பங்கு முடிஞ்சுது," என்றான்.

இவனையா நான் ஏமாற்றினேன்.

நவம்பர் 24, வியாழன்

தேங்க்ஸ்கிவிங் பண்டிகை. வருஷா வருஷம்போல ராய்ஸ் வீட்டில் சாப்பாடு. வான்கோழி வெட்டும் கத்தியை என்னிடம் கொடுத்துவிட்டான். "என் கை நடுங்குதுடா, நீ வெட்டு."

கை நடுங்கவில்லை. நான் பார்த்தேன். நடுங்குகிறது என்று அவன் நம்பிவிட்டான். வயிற்றில் சுட்டுவிட்டோம், அது ராத்திரி பூராவும் நூறு கெஜம் உடம்பை இழுத்துக்கொண்டு போய்த் துடித்துச் செத்திருக்கிறது என்று தலைக்குள் ஓட்டிக்கொண்டே இருக்கிறான்.

பாத்திரம் கழுவும்போது நடீன் சொன்னாள்: "ரைபிளை விக்கப் போறேங்கறார். ராத்திரி எழுந்து உக்காந்துக்கறார். நீங்க சொன்னா கேப்பார் ஆர்லன்."

தட்டைத் துடைத்தேன். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தேன்.

டிசம்பர் 18

பைனாகுலரைப் பையோடு கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். "நீயே வெச்சுக்கோ. பறவை பாரு. இதுல ஒரு பிரயோஜனமும் இல்லை. நம்ம தொப்பி வேலையே தேவலாம்னு இப்பத்தான் தெரியுது. என்ன செய்ய, இனி சுடுறதுக்கே ஆள் இல்லை."

செப்டம்பரில் நான் கேட்க விரும்பிய வார்த்தை இதேதான். தொப்பி வேலையே தேவலாம். கேட்டுவிட்டேன். போதுமா?

ஜனவரி 8, 2023, ஞாயிறு

பைனாகுலரைப் பையிலிருந்து எடுத்தேன். புத்தகத்தில் சொன்னபடி காற்றில் எட்டுப் போட்டேன், வாசலில் நின்று பைத்தியக்காரன்போல. பிறகு காற்றாடித் தூணைப் பார்த்து அமுக்கினேன்.

புள்ளி தூணின் மேலேயே விழுந்தது. ஓர் இம்மி விலகவில்லை.

பிரயோஜனமான கருவிதான். முட்டி போனவனுக்கும், கூட நிற்க ஆள் இல்லாதவனுக்கும் ரொம்பப் பிரயோஜனம்.

அன்று தூணுக்கு விலகியது போலவே எல்க்குக்கும் புள்ளிதான் நூறு கெஜம் விலகியிருக்கிறது. அந்த எல்க் எங்கும் உடம்பை இழுத்துக்கொண்டு போகவில்லை. நின்ற இடத்திலேயே, பத்தடிக்குள் விழுந்திருக்கிறது. அவன் குறி தப்பவில்லை. இது தெரிந்த ஒரே ஆள் நான்.

பிப்ரவரி 3

நாளைக்குச் சொல்கிறேன்.

பிப்ரவரி 20

நாளைக்கு.

மார்ச் 19, ஞாயிறு

ராய்ஸின் ரைபிளை வாங்க ஆள் கிடைத்துவிட்டானாம், செவ்வாய்க்கிழமை வாங்கிக்கொண்டு போகிறானாம். கடைத்தெருவில் கேள்விப்பட்டேன். அதற்குமேல் இருக்க முடியவில்லை.

ராய்ஸை வரச்சொன்னேன். அவன் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டேன். இல்லையென்றால் காப்பி, வானிலை என்று போய்விடும்.

"நீ சரியாத்தான் சுட்டே. அது அங்கேயே விழுந்துடுச்சு. புள்ளிதான் தப்பு. இந்தப் பையோட மூடி காந்தம், அது திசைகாட்டியைக் கெடுத்துடுச்சு. புஸ்தகத்துல போட்டிருக்கு."

முதலில் அவன் முகத்தில் வந்தது சந்தோஷம். உண்மையாகவே. நாலு மாதமாகக் குனிந்திருந்த ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நெஜமாவா? அப்ப வயித்துல படலையா?"

"படலை."

வலது கையை ஒருமுறை விரித்து மூடினான். பிறகுதான் யோசித்தான். அவன் யோசிப்பது எனக்குத் தெரிந்தது.

"உனக்கு எப்போ தெரியும்?"

"சீசனுக்கு முன்னாடியே."

"போன் பண்ணேனே. அப்போ?"

"தெரியும்."

"கீழ பாருன்னு சொன்னே."

"சொன்னேன்."

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், கதகதப்பைப் பற்றி, முட்டியைப் பற்றி, அழுதும் இருப்பேன், ஏதோ ஒரு விதமாக முடிந்திருக்கும். அவன் எழுந்தான். பைனாகுலரைக் கையில் எடுத்துக்கொண்டான். பையை மேஜையிலேயே விட்டுவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான்.

மார்ச் 22

ரைபிளை விற்கவில்லையாம். நல்லது.

ஜூலை 4

சுதந்திர தினப் பட்டாசு. யாரும் கூப்பிடவில்லை.

அக்டோபர் 21, சனி

சீசன் முதல் நாள். விடியும் முன்பே எழுந்து உடுத்திக்கொண்டு, தொப்பியைக்கூடப் போட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். எதற்கு? வெட்கம் கெட்டவன்.

டிரக் போனது. ஹார்ன் இல்லை.

நவம்பர் 2, வியாழன்

மத்தியானம் நடீன் வந்தாள். கையில் வெள்ளைத் தாளில் சுற்றிய பொட்டலம். உள்ளே வரச்சொன்னேன், வரவில்லை.

"முந்தாநாள் ஒரு கிடா கிடைச்சுது. தனியாத்தான் போனார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம். புள்ளிக்கு நேரா போய் அது பக்கத்துலேயே நின்னாராம்."

"ராய்ஸ் குடுக்கச் சொன்னானா?"

நடீன் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இல்லை ஆர்லன். நானாத்தான் எடுத்துட்டு வந்தேன். அவருக்குத் தெரிய வேண்டாம்."

முதுகுக் கறி. வெண்ணெயில் லேசாக வதக்கி, உப்பு மட்டும் போட்டுச் சாப்பிட்டேன். கத்தி வைத்ததும் இறங்கியது. அடிபட்டு, பயந்து ஓடிச் செத்த மிருகத்தின் கறி இப்படி இருக்காது, விறைத்துப் புளிக்கும். சுத்தமாகச் சுட்டிருக்கிறான்.