லென்ஸ் கழுவிய பாட்டில்

திங்கள், 10

காலையிலிருந்து மழை. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ரோடெல்லாம் ஜாம்.

இதையெல்லாம் நான் முன்பே சொன்னேன். தங்கை மகள் தர்ஷினி தன் நிச்சயத்துக்கு லென்ஸ் போடப்போகிறேன் என்றபோதே, "கண்ணு பத்திரம்லா" என்றேன். யார் கேட்டார்கள்? இன்று வலது கண் தக்காளிப் பழம். வெளிச்சம் பட்டாலே அழுகிறாள். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை நிச்சயத்தன்று கிள்ளான் மண்டபத்தில் நடந்ததை டாக்டரம்மாவுக்கு நானே விளக்கினேன். மேடையேறப் பத்து நிமிடம். லென்ஸ் தரையில். முந்நூறு பேர் தேடிக் கிடைக்காததை நான் கண்டுபிடித்தேன். (நாற்பது பேர் இருக்கும்.) சட்டைப் பையில் தயாராக வைத்திருந்த லென்ஸ் மருந்து பாட்டிலைத் திறந்து, கழுவிக் கொடுத்தேன். தாய்மாமன் என்றால் சும்மாவா?

டாக்டரம்மா: "அந்த பாட்டிலக் கொண்டு வாங்க அங்கிள். டெஸ்ட் பண்ணணும்."

வாங்க வேண்டியது: ரொட்டி, தர்ஷினிக்குக் கறுப்புக் கண்ணாடி.

செவ்வாய், 11

வெயில். பாட்டிலைக் கொடுத்தாயிற்று.

மணிக்கொரு தடவை சொட்டு மருந்து. பிள்ளைக்குத் தூக்கமே இல்லை. தங்கை பரமேஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் இல்லன்னா அன்னிக்கு மானம் போயிருக்கும்ணே." மருந்து நேரம் என்று கையை உருவிக்கொண்டேன்.

எனக்குத் தெரியாத லென்ஸா? சுபாங் ஜெயாவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் மூன்று மாதம் இருந்தவன். கூட்டிப் பெருக்கியதும் அனுபவம்தான். ஆனால் ஒன்று புரியவில்லை. லென்ஸ் பளிங்கு மாதிரி இருந்ததே, கிருமி எங்கே உட்கார்ந்திருந்தது? பக்கத்துக் கட்டில் சீன ஆன்டி லென்ஸே போட்டதில்லையாம், அவருக்கும் கண்ணில் புண். மாப்பிள்ளை வீட்டார் திருஷ்டி என்கிறார்கள். அதுவாகவும் இருக்கலாம். தலை சுற்றுகிறது.

வியாழன், 13

மழையா வெயிலா, கவனிக்கவில்லை.

டாக்டரம்மா வந்தார். "பாட்டில் சுத்தமா இருக்கு. ஆனா இவங்க கண்ணுல இருக்கிறது தண்ணில வாழுற கிருமி. பைப் தண்ணி ஏதாவது பட்டுச்சா? பட்டிருந்தா இன்னொரு கிருமியும் தேடணும், அதுக்கு மருந்தே வேற. லேட்டானா பார்வை போயிடும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

கறுப்புக் கண்ணாடியோடு தர்ஷினி சொன்னாள்: "மாமா பாட்டில்லதான் கழுவினாரு டாக்டர். ஆயிரம் கதை விடுவாரு, என் கண்ணு விசயத்துல விடமாட்டாரு."

டாய்லெட் போவதாகச் சொல்லி வெளியே வந்துவிட்டேன். வராந்தா பெஞ்சில் எழுதுகிறேன்.

அன்று என்னிடம் பாட்டில் இல்லை. மண்டபத்துக்குப் பின்னால், சமையல்காரர்கள் சட்டி கழுவும் பைப். அந்தத் தண்ணீரில்தான் லென்ஸைக் கழுவினேன். நான் கொடுத்த பாட்டில் செவ்வாய்க் காலை கடையில் வாங்கியது. பழசாகத் தெரிய, பாதியை நானே சிங்கில் ஊற்றினேன்.

டாக்டரம்மா இன்னும் உள்ளேதான். போகிறேன்