கணுக்கால் தண்ணீர்

தாது வருஷம், ஆடி 9. குற்றாலம்.

தகப்பனில்லாத என் பதினாலு வயது மகளைச் சுரண்டைக் கிழவன் ஒருவனுக்கு இரண்டாம் தாரமாகக் கொடுக்க அண்ணன் முடிவு செய்துவிட்டார். "நான் பேசித் தடுத்திருதேன்க்கா" என்றவன், பட்டணத்துக் காலேஜில் பிராணிநூல் வாத்தியாராக இருக்கும் என் தம்பி.

இன்று சிற்றருவியில் அவனுக்குச் சுறாப் பேச்சு. "சுறாக்குட்டியப் பெரிய சுறாவே தின்னுரும்க்கா. அதான் பெருசுக வரமுடியாத கரையோரத் தண்ணியிலயே கெடக்கும். வளந்த பொறவுதான் ஆழத்துக்குப் போகும்."

அதற்குள் அண்ணன் வந்துவிட்டார். "ஏலே, கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்திரணும், என்ன?"

இந்த மேதை வேட்டியை மடித்துக் கட்டினான். பிள்ளைகள் விளையாடும் கணுக்கால் தண்ணீருக்குள் போய் நின்றுகொண்டான். "அதுக்கென்னண்ணே, வந்திருதேன்" என்றான்.

என் முகத்தைப் பார்க்கவேயில்லை. இவனுக்கு வயது நாற்பது.