பாத்திரம் உருளும் பாட்டு

சத்தத்தைக் குறை, சத்தத்தைக் குறை என்று சொல்லியே என்னை வளர்த்த என் செல்ல அப்பாவுக்கு,

வீடு இப்போது நீ ஆசைப்பட்ட மாதிரி சத்தமே இல்லாமல் இருக்கிறது. உன் பேத்தி கௌரி வேலை கிடைத்து பெங்களூருக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை நான்தான் தம்பானூரில் ரயிலேற்றிவிட்டு வந்தேன்.

அவள் இருந்தபோது மட்டும் சத்தம் இருந்ததா என்று கேட்பாய். அதுவும் இல்லை. காதில் அந்தக் குட்டி மிஷினைச் செருகிக்கொண்டால் பாட்டு அவளுக்கு மட்டும்தான். நீ என்னைத் திட்டியதுபோல அவளைத் திட்டுவதற்குக்கூட எனக்கு வழியில்லை. எப்போதாவது வெளியே கசிந்த துண்டுகளை வைத்தே, இந்தக் காலத்துப் பாட்டெல்லாம் கண்றாவி என்று முடிவு கட்டியிருந்தேன்.

கரமனை வீட்டுப் பின்னறையில் இருந்த என் டேப் ரெக்கார்டர் ஞாபகம் இருக்கிறதா? நான் பாட்டுப் போட்டால் தோளில் துண்டோடு வாசற்படியில் வந்து நிற்பாய். "இதென்னடீ, பாட்டா பாத்திரம் உருளறதா?" என்று பட்டனை அமுக்குவாய். நான் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வேன். உன் காரியத்துக்கு வந்த அத்தை சொன்னாள், நீ சினிமாப் பாட்டுக் கேட்டால் உன் அப்பா ரேடியோ ஒயரையே பிடுங்கிவிடுவாராம். அதைப் பட்ட நீயும் எனக்கு அதையே செய்தாயே, ஏன்ப்பா?

எனக்கு ஒன்று தோன்றுகிறது. பழைய பாட்டுக்குள் நாம் இருக்கிறோம். அதைக் கேட்டால் காலேஜ் பஸ்ஸும், மழையில் நனைந்த தாவணியும், உன் ஸ்கூட்டரின் பின்சீட்டும் திரும்ப வருகின்றன. புதுப் பாட்டில் நாம் இல்லை. நாம் இல்லாத இடத்துக்கு நம் பெண் போகிறாள் என்றால் யாருக்குப் பிடிக்கும்?

ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், நீ செய்வதுபோலவே பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். திரும்ப ஏறினால் நெரிசலில் கார் நகரவில்லை. அவள் காதில் செருகப் போனாள். இனி எப்போது இவள் பக்கத்தில் உட்காருவேன் என்று நினைத்ததும் எனக்குத் தாங்கவில்லை. "நீ கேக்கறத எனக்கும் போடேன்" என்றேன்.

"வேண்டாம்மா. ஒனக்கு இஷ்டப்படாது. பின்னே வெறுதே வழக்காகும்."

"சண்டையானால் ஆகட்டும். போடு."

போட்டாள். அப்பா, கார்க் கதவே அதிர்ந்தது. பாடுகிறானா, யாரையாவது அதட்டுகிறானா என்றே புரியவில்லை. மலையாளம் என்பது பாதியில்தான் தெரிந்தது. நிறுத்தலாம் என்று கையைக் கொண்டுபோனேன். அப்போது அவளைப் பார்த்தேன். கண்ணை மூடி, ஒரு வார்த்தை விடாமல் வாயசைத்துக்கொண்டிருந்தாள். முழங்காலில் விரல்கள் தாளம் போட்டன. அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. கையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் நினைவு வந்தது. நீ ஒருநாளும் பாட்டின் நடுவில் பட்டனை அமுக்கியதில்லை. வாசற்படியில் நின்றுகொண்டே இருப்பாய். பாட்டு முடிந்த பிறகுதான் உள்ளே வருவாய், திட்டுவாய். அத்தனை நேரம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய் அப்பா? என்னையா?

பாட்டு முடிந்தது. "இதென்னடீ, பாட்டா பாத்திரம் உருளறதா?" என்றேன். கௌரி கண்ணைத் திறந்து சிரித்தாள். "ஐயோ, அப்படியே தாத்தா" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. முன்னால் வண்டிகள் நகர்ந்ததால் ஓட்டத் தொடங்கினேன்.

உன்னை ரொம்பத் தேடுகிறது அப்பா. ஒரே ஒரு பாட்டு நேரம் அந்த வாசற்படியில் வந்து நின்றால் போதும்.

ஓணத்துக்கு அவள் வருவாள். அந்தப் பாட்டை வீடு அதிரப் போடச் சொல்லப்போகிறேன். எனக்கு அது பிடிக்கப்போவதில்லை, உன்மேல் சத்தியம். கட்டாயம் திட்டுவேன். பாட்டு முடிந்த பிறகு.

அதுவரை வாசற்படியில் நிற்கும்,
உன் பெண்
ராஜி