உன் கண்ணில் கண்ட மஞ்சள்

அண்ணா,

இன்று கேம்ப் பகுதிக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் ஏலக்காய் மென்றுகொண்டிருந்தார். என் மூக்கு தன்னாலேயே அந்த வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனையைத் தேடியது. உன்னையும் அப்படித்தானே மாதக்கணக்கில் மோந்து பார்த்தேன்.

நம் அப்பா குடித்தே போனவர். கல்யாணம் வேண்டாமென்று கட்கியில் என் குடும்பத்தோடு எங்கள் வீட்டில் இருந்த நீ, ஃபேக்டரி ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் தூங்கிப்போனால் எனக்கு வேறென்ன தோன்றும்? அரைச் சப்பாத்தியோடு தட்டைத் தள்ளுவாய்.

"பசிக்கல, விடு. கேஸ்."

"எந்தச் சாராயக் கடை கேஸ்?" என்பேன்.

நீ குளிக்கப் போன நேரத்தில் உன் பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். அசிடிட்டி மாத்திரையும் ஏலக்காயும்தான் இருந்தன. வாடையை மறைக்கத்தான் ஏலக்காய் என்று முடிவு செய்தேன். உண்மையில் நீ குமட்டலுக்காக மென்றிருக்கிறாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துணி காயப்போடும் இடத்தில் வெயில் உன் முகத்தில் அடித்தது. கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள்.

"குடிச்சுக் குடிச்சு கண்ணப் பாரு!"

"நான் தொட்டதே இல்லடி."

"அப்பாவும் இதையேதான் சொன்னாரு."

மறுநாள் டாக்டரிடம் இழுத்துப்போனதும், உன் உடம்புக்காக என்பதைவிட உன் பொய்யைப் பிடிக்கத்தான். அவரும் முதலில் இந்தியில், "தாரு பீதே ஹோ?", குடிப்பீர்களா என்றுதான் கேட்டார். நீ சிரித்தாய். பிறகு ஒவ்வொன்றாக விசாரித்தார். மூட்டு வலி, வலது விலாவுக்குக் கீழே வலி, குமட்டல். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாய். சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போய் இரண்டு மாதமாகிறது என்றாய்.

வெளியே வந்ததும், "ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன்.

"சொன்னா நீ என்ன சொல்லியிருப்ப?"

ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி என்று வந்தது. கிருமி பல வருஷமாக உள்ளேயே இருந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். கல்லீரல் சுருங்கிப்போயிருந்தது. மருந்து தொடங்கியும் மூன்று மாதம்தான் இருந்தாய். அப்போதும் சொந்தக்காரர்கள் என்னைத் தனியாக அழைத்து, "உண்மையச் சொல்லு, குடிதானே?" என்றார்கள். அந்தக் கேள்வியை முதலில் கேட்டவளே நான்தான். அவர்களை எப்படிக் கோபிப்பது?

வீட்டில் எல்லோரையும் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். என் வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் இல்லை. அவள் பிறந்தபோதே தடுப்பூசி போட்டிருந்தோம். எனக்கு இருந்தது. சோர்வில்லை, மஞ்சளில்லை, ஒரு அறிகுறியும் இல்லை. பிரசவத்தில் அம்மாவிடமிருந்து நம் இருவருக்கும் வந்திருக்கலாம் என்றார்.

ஆறு மாதத்துக்கொரு முறை ரத்தப் பரிசோதனை செய்து கல்லீரலைக் கவனித்துக்கொள்கிறேன். உனக்கு இருந்த அதே கிருமிதான் எனக்கும், அண்ணா. ஆனால் என்னிடம் இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை, குடிப்பாயா என்று.